ஏழு பெயர்களுக்கு எதிரே

அடி அண்ணாமலைக்குப் போகிற பாதையில், மலை சுற்றுகிறவர்கள் நின்று இளைப்பாறும் புளியமரத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஈழத்துக் கணக்கில் மாசி மாதத்தில், கடல் தாண்டி வந்தவர்களுக்காகப் போட்டவை அவை. ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பத்தடி இடம். அவற்றில் ஒன்றை ஒரு சேலையால் குறுக்கே பிரித்து, ஒரு பாதியில் தவமலர் இருந்தாள். மறுபாதியில் வதனி என்ற பெண்ணின் குடும்பம் இருந்தது.

தவமலர், மன்னாரை அடுத்த ஒரு கடலோரக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். வயது முப்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. இங்கே அவளை யாரும் வேலைக்கு வைக்கவில்லை, பாடம் சொல்லிக்கொடு என்று கேட்கவும் இல்லை. வந்து சேர்ந்த ஒன்பதாம் நாள் காலை, குழாயடியில் முகம் கழுவி, கொண்டு வந்திருந்த இரண்டு சேலைகளில் நல்லதைக் கட்டிக்கொண்டு புளியமரத்தடியில் போய் நின்றாள். பிள்ளைகள் தாமாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் அப்படித்தான் தொடங்கியது. சம்பளம் என்று ஒன்று கடைசிவரை இல்லை.

கரும்பலகை, தேயிலைப் பெட்டியின் ஒரு பக்கப் பலகை. கரியும் ஊமத்தை இலையும் அரைத்துப் பூசியது. வெயில் ஏற ஏற நிழல் நகரும். நிழலோடு பலகையும் பிள்ளைகளும் நகர்வார்கள். பௌர்ணமி அன்று பாதையில் கூட்டம் போகும். சிலர் நின்று பிள்ளைகளைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள், பிஸ்கட் பொட்டலம் நீட்டுவார்கள். முதல் பௌர்ணமியில் இரண்டு பிள்ளைகள் கை நீட்டி வாங்கியதைத் தவமலர் பார்த்தாள். மறுநாளிலிருந்து எல்லோரையும் பாதைக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்தாள்.

மாதம் இரண்டு முறை தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து தலை எண்ணுவார். அன்று அவளும் வரிசையில் நின்று, தன் பெயரைக் கூப்பிட்டதும் "ஓம்" என்று கை தூக்குவாள். மற்ற நாட்களில் பெயர் கூப்பிடுவது அவள்.

காலை எட்டரை மணிக்கு இடாப்பைத் திறப்பாள். வருகைப் பதிவேட்டுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். நீல அட்டை, நீளவாக்குப் புத்தகம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்த ஊர்க் கல்வி அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருந்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் எடுத்த பொருட்கள் ஒரு பைக்குள் அடங்கின. அவற்றில் இதுவும் ஒன்று. நகையை எடுக்காமல் இதை ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நகை பெரிதாக இருந்ததும் இல்லை.

அதில் முப்பத்தெட்டுப் பெயர்கள். அந்தப் பெயர்களில் மரத்தடிக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். முப்பத்தெட்டையும் அவள் கூப்பிடுவாள். வந்த பிள்ளைக்கு எதிரே ஒரு சாய்கோடு. மீதி ஏழு பெயர்களையும் அதே குரலில், அதே வேகத்தில் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவாள். இடாப்பின் அச்சிட்ட பக்கங்கள் பங்குனியோடு தீர்ந்தன. வெள்ளைத் தாளில் அளவெடுத்துக் கோடு போட்டு, அரிசிக் கஞ்சியால் ஒட்டித் தொடர்ந்தாள்.

பாதையோரம் டீக்கடை வைத்திருந்த இருசப்பன் தன் மகள் ராஜம்மாளையும் இந்த மரத்தடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதனால் அவருக்குப் பேசும் உரிமை இருப்பதாக எண்ணம்.

"ஏன் டீச்சரம்மா, வராத புள்ளைங்க பேரையும் தினம் கூப்புட்றீங்களே. அதுங்க இன்னா, மரத்து மேல உக்காந்துனு கீதுங்களா?" என்று ஒரு நாள் கேட்டுச் சிரித்தார்.

தவமலர் இடாப்பை மூடிவிட்டுச் சொன்னாள். "எங்கட ஊரிலேருந்து ரெண்டு படகு வெளிக்கிட்டது, அண்ணை. ஒண்டுதான் வந்தது. அந்த ஏழு பேரும் மற்றதில."

இருசப்பனின் கையிலிருந்த டீ கிளாஸ் அப்படியே நின்றது. "தெர்யாம கேட்டுட்டேம்மா," என்றார். அதற்குப் பிறகு காலையில் அந்த நேரத்துக்கு யாராவது கடையில் சத்தமாகப் பேசினால், "யோவ், கொஞ்சம் கம்மியா பேசுய்யா, பேர் கூப்புட்றாங்க," என்று அதட்டுவார்.

அந்த நேரத்தில் குழாயடியில் எப்போதும் ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். செல்லமணி. இடாப்பில் முப்பத்து நாலாவது பெயர், குகன், அவள் மகன். பதினொரு வயது. எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகுதான் அவள் வருவாள். முப்பத்து மூன்றாம் பெயர் கூப்பிடும்போது தேய்க்கும் சத்தம் நிற்கும். முப்பத்து ஐந்தாம் பெயருக்குப் பிறகு மறுபடி தொடங்கும். தவமலருக்கு இது தெரியும். தெரியும் என்பது செல்லமணிக்குத் தெரியுமா என்று அவள் யோசித்ததில்லை. ஐந்து மாதத்தில் இருவரும் பேசிக்கொண்டது மிகக் குறைவு.

ஆனி மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்தன. முகாம் பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. தவமலர் முப்பத்தொரு பேரையும் தலை வாரச் செய்து, டவுன் பஸ்ஸில் இரண்டு நடையாக ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனாள். நடுநிலைப் பள்ளி அது. எட்டாவது வரை இருந்தது. தலைமையாசிரியர் சக்கரவர்த்தி நல்ல மனிதர். எழுந்து நின்று "வாங்கம்மா" என்றார். சின்னவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்ட ஐந்து பேருக்கு ஒன்றாம் வகுப்பு கிடைத்தது. பெரியவர்கள் விஷயத்தில்தான் சிக்கல்.

"ரெக்கார்டு ஷீட் இல்லையேம்மா. எந்த வகுப்பு படிச்சாங்கன்னு நான் எதை வச்சி எழுதறது?"

"நான் படிப்பிச்சனான், சார். எனக்குத் தெரியும்."

"நீங்க சொன்னா நான் நம்புவேன். மேல இருக்கறவங்க நம்பணுமே. பேப்பர் வேணும். பேப்பர் இல்லாம மூணாவதுக்கு மேல போட்டா, நாளைக்கு பரிட்சைக்கு பேர் அனுப்பறப்ப திருப்பிடுவாங்க. இப்போதைக்கு மூணாவதுல உக்காரட்டும்."

இருபத்தாறு பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். காலையில் மரத்தடியில் பெயர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் எல்லோரும் பஸ் ஏறுவார்கள். அவர்களில் வதனி எட்டாவதுக்குப் போக வேண்டியவள். பதின்மூன்று வயது. அவளுக்கு முன்னும் பின்னும் பால் பல் முழுக்க விழாத பிள்ளைகள். முழங்காலை எங்கே மடக்குவது என்று தெரியாமல் நான்கு நாள் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் போகவில்லை.

தேடிப் போன தவமலர் அவளை ஒரு களத்தில் கண்டாள். விதைப்புக் காலம். விதைக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரிக்கப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தார்கள். வதனி குவியலுக்கு முன்னால் குந்தி, வாயால் உடைக்காமல் விரலால் அமுக்கி அமுக்கி உரித்துக்கொண்டிருந்தாள். விதைப் பருப்பின் தோல் கிழியக் கூடாது. கட்டை விரல் நகம் ஒன்று பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"எழும்பு, பள்ளிக்கூடம் போவம்."

"நான் போகேல்லை, ரீச்சர். அங்க என்னைப் பார்த்து 'அக்கா, நீங்க டீச்சரா'ண்டு ஒரு சின்னவன் கேக்கிறான்."

பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி சிரித்தாள். வதனி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் சேலைக்கு அப்பாலிருந்து அவள் தகப்பன், யாருக்கும் சொல்லாதவர் போலச் சொன்னார். "மூண்டாம் வகுப்பில குந்தி இருக்கிறதுக்கு இது மேல். ஐஞ்சு வருசம் பின்னுக்குப் போய்த் திரும்பி வாறதுக்குள்ள அவளுக்குப் பதினெட்டு ஆயிடும். பிறகு யார் படிக்கிறது? மற்றப் பெடியளும் ஒவ்வொண்டா நிப்பாங்கள், இருந்து பாருங்கோ."

அவர் சொன்னது சரி என்று தவமலருக்குத் தெரிந்தது. அதே வாரம் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை ரஹமத்துன்னிசா அந்த ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வந்தாள். டவுனில் பிறந்து வளர்ந்தவள். தவமலரை விட நாலைந்து வயது பெரியவள். மீந்த சாக்குக் கட்டித் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தாள்.

"உங்க வதனி ஏன் வர்றதில்ல, டீச்சர்? அவ இருந்த நாலு நாளும் எனக்கு பயமாத்தான் இருந்துது. நான் போர்டுல போட்ட கணக்கு தப்புன்னுட்டா."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எதுக்கு மன்னிப்பு? தப்புதானே போட்டிருந்தேன்." ரஹமத்துன்னிசா சிரித்தாள். பிறகு கரும்பலகைக்குக் கீழே துணியில் சுற்றி வைத்திருந்த நீலப் புத்தகத்தைப் பார்த்தாள். எடுத்துப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது. "இது இன்னாது டீச்சர்? வகுப்பு, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, மாசா மாசம் சீல், எல்லாமே இருக்குது. இதை வச்சிக்கினா எங்க சாரு முன்னால பேப்பர் இல்லைன்னு நின்னீங்க?"

தவமலர் அதை வாங்கி மறுபடி துணியில் சுற்றினாள். பள்ளிக்கூடத்து இடாப்பைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பது பதினோரு வருடப் பழக்கம். கொடுத்தால் காலையில் எதைப் பார்த்துக் கூப்பிடுவது என்பது இன்னொன்று.

மறுநாள் அந்தப் புத்தகத்தோடு இருவரும் தலைமையாசிரியர் அறையில் நின்றார்கள். சக்கரவர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். "பிரமாதம்மா. இது போதும். ஒரிஜினல் ரெக்கார்டு," என்றார். மாசிப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. பங்குனி. பிறகு கஞ்சி போட்டு ஒட்டிய தாள்கள். சித்திரை, வைகாசி, ஆனி.

"இது யாரு எழுதினது?"

"நான்தான், சார். இங்க வந்த பிறகு."

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அங்க கடைசி நாளோட நிறுத்தியிருந்தா இது அந்த ஊரு ஸ்கூல் ரெக்கார்டு. முப்பத்தெட்டு பேரும் வருகை, அதோட பள்ளி மூடியாச்சு. யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது. இப்ப நடப்பு ரிஜிஸ்டர் ஆயிடுச்சே. ஏழு புள்ளைங்களுக்கு அஞ்சு மாசமா வருகையும் இல்ல, ஆப்சென்ட்டும் இல்ல. வெறும் கட்டம். எங்கன்னு கேப்பாங்க."

"ஒட்டின தாளைப் பிரிச்சி எடுத்துட்டா, சார்?" என்றாள் ரஹமத்துன்னிசா.

தவமலர் சட்டென்று அவளைப் பார்த்தாள். "இடாப்பில தாள் கிழிக்கிறதோ?"

ரஹமத்துன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் ஒரு டீச்சர்தான்.

"கிழிக்க வேணாம்," என்றார் சக்கரவர்த்தி. "கிழிச்சாலும் மாசிப் பக்கத்துலயே தெரியுது. ஒரு வழிதான் இருக்கு. அந்த ஏழு பேரையும் முறைப்படி நீக்கிடுங்க. பேரு மேல சிவப்புக் கோடு. கடைசிப் பத்தியில காரணம். மத்தபடி முப்பத்தொண்ணும் நேரா நிக்கும். நான் கையெழுத்துப் போட்டு இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பறேன். அதுக்கப்புறம் சேர்க்கை கிடையாது."

"என்ன காரணம் எழுதுறது, சார்?"

"வழக்கமா எழுதறது மூணுதாம்மா. வேற பள்ளிக்குப் போனது. நெடுநாள் வராதது." மூன்றாவதை அவர் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது தவமலர் இடாப்பை மடியில் வைத்திருந்தாள். வேறு பள்ளிக்குப் போனார்கள் என்பது பொய். நெடுநாள் வராமை என்றால் அது வீட்டில் இருந்துகொண்டே பள்ளிக்கு வராத பிள்ளைக்கு எழுதுவது. பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் அதை அவள் எழுதியதில்லை. மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் வீட்டு வாசலில் போய் நிற்பாள். மூன்றாவது காரணத்தை எழுத அவள் யார்? ஒரு சடலத்தையும் யாரும் பார்க்கவில்லை. அந்தப் படகு திரும்பிப் போயிருக்கலாம், வேறு கரையில் ஒதுங்கியிருக்கலாம் என்று முகாமில் இன்னும் சொல்கிறவர்கள் இருந்தார்கள். எழுதாவிட்டாலோ, இருபத்தாறு பேர் மல்லாட்டைக் களத்துக்குப் போவார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் பேசியதில்லை. அன்று விடியற்காலை கரையில் படகுக்காரன், "ஆளை எண்ணி ஏத்துங்கோ, தள்ளுமுள்ளு வேண்டாம்," என்று கத்தினான். எண்ணி ஏற்ற ரீச்சரை விட்டால் யார்? அவள் இடாப்பைத் திறந்து வரிசைப்படி பெயர் கூப்பிட்டாள். பள்ளிக்கூட மணி அடித்த மாதிரிப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் ஏற்கெனவே முதல் படகில் இருந்தார்கள். செல்லமணியும் அதில்தான் இருந்தாள், மார்பில் சின்ன மகளோடு. முப்பத்தொன்றாவது பெயரோடு படகு நிறைந்தது. "மற்றவை அடுத்ததில," என்றான் படகுக்காரன். முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டு வரை தவமலர் கூப்பிட்டதும் அடுத்த படகில் ஏறினார்கள். பிறகு அவளை முதல் படகுக்கு இழுத்துப் போட்டார்கள்.

மூன்று நாள் அவள் காரணப் பத்தியில் ஒன்றும் எழுதவில்லை. நான்காம் நாள் காலை பெயர் கூப்பிட்டு முடித்ததும், ராஜம்மாளிடம் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். செல்லமணி குனிந்து சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களோட ஒரு விசயம் கதைக்கவேணும்."

"கதையுங்கோ."

தவமலர் தலைமையாசிரியர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாள். சிவப்புக் கோட்டையும் சொன்னாள், மூன்று காரணங்களையும் சொன்னாள். செல்லமணி நிமிரவில்லை. சாம்பல் கையோடு அப்படியே இருந்தாள்.

"என்ர பிள்ளைக்குக் கோடு கீறப் போறியளோ?"

"உங்களைக் கேக்காமல் கீற மாட்டன்."

"என்னைக் கேட்டு என்ன? அண்டைக்குக் கூப்பிடேக்க என்னையோ கேட்டனீங்கள்?"

ஐந்து மாதமாக வர வேண்டிய சொல் வந்துவிட்டது. தவமலர் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் சின்னவர்கள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லமணிதான் மறுபடி பேசினாள். "நான் முன் படகில முதுகு காட்டி இருந்தனான். பிள்ளை பாலுக்கு அழுதது. திரும்பிப் பார்க்கேல்லை. அவன் எப்படி ஏறினவன் எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"சொல்லுங்கோ."

"செருப்பைக் கழற்றிக் கையில வைச்சிருந்தவன். ஒரு கையால மாமான்ர இடுப்புச் சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு, இடுப்பளவு தண்ணியில நடந்தவன். மாமா தூக்க வர, வேண்டாம் எண்டு தானே ஏறினவன். ஏறி நடுவில இருந்தவன். நான் பேரைச் சொன்னதும் 'வந்திட்டன் ரீச்சர்' எண்டவன்."

செல்லமணி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "புதுச் செருப்பு," என்றாள். "நனைஞ்சால் அடிப்பன் எண்டு சொன்னனான்."

பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "ரீச்சர், அவை சொல்லுற மூண்டில ஒண்டையும் எழுத வேண்டாம். அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதுறதெண்டால் நீங்கள் கண்டதை எழுதுங்கோ. மற்றத் தாய்மாரிட்டயும் நான் கேக்கிறன்."

மற்ற ஆறு பேரில் மூவருக்குத்தான் முகாமில் உறவு என்று சொல்ல ஆள் இருந்தது. செல்லமணி மூன்று கொட்டகைக்கும் போய் வந்தாள். என்ன பேசினாள் என்று தவமலர் கேட்கவில்லை. மறுநாள் காலை செல்லமணி சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றாள். "நானும் வாறன்," என்றாள்.

தலைமையாசிரியர் அறையில் தவமலருக்கு நாற்காலி போட்டார்கள். செல்லமணி சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள். தவமலர் முதலில் காரணப் பத்தியை எழுதினாள். முப்பத்திரண்டாம் பெயருக்கு எதிரே: 9.2.1985 விடியற்காலை, என் முன்னால் படகில் ஏறினார். முப்பத்து மூன்றுக்கும் அதே. ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியத்தையும் எழுதினாள். 'மேற்படி' என்று சுருக்கவில்லை. ஏழு முறை எழுதி, ஏழு முறை கையெழுத்துப் போட்டாள்.

சக்கரவர்த்தி வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தாறு வருஷமா ரிஜிஸ்டர் பாக்கறேன். இப்படி ஒரு காரணம் பாத்ததில்ல."

"இதுல பொய் இன்னா இருக்குது, சார்?" என்றாள் ரஹமத்துன்னிசா, வாசலில் நின்றபடி. தன் வகுப்பை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பொய் இருந்தா சுலபமா போயிடும்மா. இதைப் படிச்சா ஆபீஸ்ல அடுத்த கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டுமே. கேக்க வேண்டியதுதானே?"

அவர் சிவப்புப் பேனாவையும் அளவுகோலையும் எடுத்தார். தவமலர் கையை நீட்டினாள். "நான் கீறுறன், சார்."

"பேருக்கு மேலயே போகணும்மா. கீழ போட்டா செல்லாது."

"தெரியும்."

கோடுகள் மெல்லியவை. கீழே பெயர்கள் தெளிவாகத் தெரிந்தன. முப்பத்து நாலாம் பெயரில் அளவுகோலை வைக்கும்போது அவள் நிமிர்ந்து சுவரோரம் பார்த்தாள். செல்லமணி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை லேசாக அசைத்தாள். தவமலர் கோட்டைப் போட்டாள்.

தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையைக் குத்தினார். "ஆபீஸ்லேர்ந்து பதில் வர்றவரைக்கும் அவங்கவங்க வகுப்புல உக்காரட்டும். வதனிய நாளைக்கே எட்டாவதுக்கு அனுப்புங்க. அங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. என் பொறுப்புல உக்கார வைக்கறேன்." பிறகு தயங்கினார். "இது இனிமே இங்க இருக்கணும்மா. ஆய்வுக்குக் கேப்பாங்க. திரும்பக் கிடைக்குமான்னு உறுதி சொல்ல முடியாது."

தவமலர் தலையசைத்தாள். அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் புத்தகத்தின் மேலிருந்து கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் ஒருக்கால் பாக்கலாமோ?" என்று செல்லமணி கேட்டாள். அந்த அறையில் அவள் பேசிய முதல் சொல் அது. சக்கரவர்த்தி எழுந்து அவரே புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, விரலை வைத்து, அந்த ஒரு வரியை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். முடித்ததும், "திகதி சரி," என்றாள்.

சக்கரவர்த்தி இடாப்பை மூலையிலிருந்த பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்தபோது கோபுரத்துக்குப் பின்னால் மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ரஹமத்துன்னிசா அவர்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அடி அண்ணாமலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. செல்லமணி உள்ளே உட்கார்ந்தாள். மடியில் குழந்தை தூங்கிப்போனது. பக்கத்தில் தவமலர் வெறுங்கையோடு இருந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே தூறத் தொடங்கியது. பாதி வழியில் செல்லமணி கூப்பிட்டாள்.

"ரீச்சர்."

"சொல்லுங்கோ, அக்கா."

"அந்த அலுமாரிக்குள்ள தண்ணி போகாதோ?"

தவமலர் அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். ஓட்டுக் கூரை. பீரோ ஜன்னலுக்குத் தள்ளித்தான் இருந்தது.

"இரும்பு அலுமாரி, அக்கா. போகாது."

செல்லமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.